என் மனைவியின் தாடையும் நான் சொன்ன பொய்யும்

"எப்ப இருந்தும்மா இப்படி இருக்கு?" என்று டாக்டர் என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். பதில் சொன்னது நான்.

"சின்ன வயசுல இருந்தேங்க. கல்யாணத்துக்கு முன்னாலயே இப்படித்தான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

பொய். அவளைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு அழைத்து வந்தபோது அவள் முகம் நேராக இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்துதான் முகவாய் மெல்ல மெல்ல இடது பக்கம் நகர ஆரம்பித்தது. வேலூரில் அந்த டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது நான்கு வருஷம் ஆகிவிட்டிருந்தது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராது. சோற்றைக் குழைத்து, நாக்கால் நசுக்கித்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள். நான்கு வருஷம் என்று சொன்னால், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். நாற்காலியில் இருப்பவர் யாராவது கேள்வி கேட்டால், உண்மை எது என்று என் மூளை தேடாது. எதைச் சொன்னால் திட்டு விழாது என்றுதான் தேடும்.

டாக்டருக்கு ஏதோ இடித்திருக்க வேண்டும். "நீங்க சொல்லுங்கம்மா" என்றார் மறுபடியும்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "அவரு சொன்னதுதாங்க" என்றாள்.

அந்த நான்கு வருஷம் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் தறியில் இருப்பேன். அவள் பக்கத்தில் ராட்டையில் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஊடைக்கான பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றுவாள். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவாள். எப்போதும் வலது பக்கப் பல்தான். முகவாய் கோணுகிறது என்று தெரிந்ததும், அந்தக் கடிதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். கோணல் நிற்கவில்லை. பிறகு இன்னொரு யோசனை வந்தது. நெய்கிற துணி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனால், மறுபக்கம் இழுத்துக் கட்டி நேராக்குவோம். பட்டுக்கு ஆகிற வைத்தியம் முகத்துக்கு ஆகாதா? பழைய வேட்டியைக் கிழித்து, முகவாயின் கீழே கொடுத்து, உச்சந்தலைக்குக் கொண்டுபோய், வலது பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டேன்.

காலையில் ராட்டையில் உட்காரும்போது கட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் அவிழ்ப்பேன்.

"காதாண்ட குத்துதுயா" என்பாள், வாயைத் திறக்க முடியாமல்.

"கொஞ்சம் பொறுமே. நேராயிகினு வருது."

நேராகவில்லை. நேராகிறது என்று நானும் நம்பவில்லை. ஏதாவது செய்துகொண்டிருந்தால் டாக்டரிடம் போகாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு நாள் உறைமோர் கேட்டு வந்த எதிர்வீட்டு அத்தை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அடப்பாவி, இன்னாடா இது? உசுரோட கீறவளுக்கு வாய்க்கட்டு கட்டி உக்கார வெச்சிகீறே! சங்கு ஊதறவனுக்கும் சொல்லி அனுப்பிட்டியா?"

பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். என் அப்பாவுக்கு நானே கட்டியிருக்கிறேன். அப்படியும் அத்தனை நாள் என் கையால் கட்டும்போது அது என் புத்தியில் ஏறவில்லை. அத்தை சொன்னதைக் கேட்டு என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறக்க முடியாததால் தோள் மட்டும் குலுங்கியது. அத்தை போன பிறகு நான் என்ன செய்தேன் என்றால், கட்டை அவிழ்க்கவில்லை. எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினேன்.

இன்னொன்றும் உண்டு. புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கியதும், பட்டு கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளிக்கு வாட்ஸப்பில் படம் அனுப்ப வேண்டும். மடித்து வைத்து எடுத்தால் முந்தானை எடுப்பாகத் தெரியாது. அதனால் அவள் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நிற்பாள், நான் எடுப்பேன். ஒரு தடவை முதலாளி அதைப் போட்ட வியாபாரிகள் குரூப்பில் யாரோ, "புடவை சூப்பர், பொண்ணுதான் கோணல்" என்று போட்டான். கீழே நாலு பேர் சிரிக்கிற பொம்மை வைத்தார்கள். எனக்கு அவன்மேல் வரவேண்டிய கோபம் அவள்மேல் வந்தது. அன்றிலிருந்து மேலுதட்டுக்கு மேலே எதுவும் படத்தில் விழாதபடி எடுத்தேன். மூக்கு தெரிந்தால்தானே முகவாய் அதற்கு நேரே இல்லை என்பது தெரியும்!

"முகம் வேணாம்மே. புடவை தெரிஞ்சா போதும்."

"அப்ப ஒரு கொம்புல மாட்டி எடுத்துக்கோ. நான் எதுக்கு நடுவுல, தண்டத்துக்கு?" என்றாள். ஆனாலும் ஒவ்வொரு புடவைக்கும் வந்து நின்றாள்.

கடைசியில் அவளே அத்தையைக் கூட்டிக்கொண்டு பஜாரில் இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் போய் வந்தாள். பல்லில் கோளாறு இல்லை, எலும்பில் இருக்கிறது, வேலூருக்குப் போங்கள் என்று அந்த அம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நான் பதினோரு மாசம் கடத்தினேன். தீபாவளிப் புடவை முடியட்டும், தை முகூர்த்தப் புடவை முடியட்டும் என்று ஒவ்வொரு சாக்கு. எலும்பு என்றதும் புற்றுநோய் என்று என் மனசில் விழுந்துவிட்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் போகாமல் இருந்தேன். வேலூர் பஸ் கண்ணமங்கலத்தில் நின்றபோதுகூட, தலை சுற்றுகிறது, இறங்கிவிடலாம் என்று சொன்னவன் நான். வியாதிக்காரி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

புற்றுநோய் இல்லை. டாக்டர் பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றை எடுத்துக் காட்டினார். கீழ்த்தாடை எலும்பு இரண்டு காதுக்கும் முன்னால் உருண்டையாகப் போய் முடிகிறது. எல்லாருக்கும் வளர்கிற வயசோடு அதன் வளர்ச்சி நின்றுவிடும். அபூர்வமாகச் சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். வலது பக்கம் நீள நீள, தாடையை இடது பக்கம் தள்ளும்.

"ஒரே விஷயம்தான் எனக்குத் தெரியணும்" என்றார். "வளர்ச்சி நின்னுடுச்சா, இன்னும் வளருதா? நின்னுடுச்சின்னா தாடையை வெட்டி நேரா வெச்சி இணைச்சிடலாம். இன்னும் வளருதுன்னா முதல்ல அந்த உருண்டையோட மேல்பக்கத்தைச் சீவி எடுத்தாகணும். அதை எடுக்காம நேராக்கினா மறுபடி கோணிடும். திரும்ப முதல்ல இருந்து ஆபரேஷன்."

ஊசி போட்டு எடுக்கும் எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். பழைய போட்டோக்கள் கொண்டுவரச் சொன்னார்.

"போட்டோவே எடுத்துக்கிறதில்லைங்க" என்றேன்.

"ஆதார் கார்டுலகூட இல்லையா?" என்றவர் தானே சிரித்துக்கொண்டார். "சரி, அதுல யாரு மூஞ்சிதான் நேரா இருக்கு!"

அடுத்த தடவை போனபோது ஸ்கேன் வந்திருந்தது. வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, ஆனால் இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்கிற அளவில்தான் இருக்கிறது என்றார். "நீங்க சொல்றதைத்தான் நம்பணும். சின்ன வயசுல இருந்து மாறலைன்னு சொல்றீங்க. அப்ப நின்னுடுச்சின்னு எடுத்துக்கறேன்." ஆபரேஷனுக்குத் தேதி போட்டுத் தருவார்கள், வெளியே உட்காருங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் டீ வாங்கி, பிஸ்கட்டை நனைத்து நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி போனில், போன வாரப் புடவையின் படத்தை இன்னொரு தடவை அனுப்பச் சொல்லியிருந்தார். தேடினேன். விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொரு புடவையாகப் போயிற்று. வாடாமல்லி, அரக்கு, கிளிப்பச்சை, மறுபடி அரக்கு. எல்லாவற்றிலும் தலையில்லாத என் மனைவி. உதடு, முகவாய், கழுத்து, தாலிச்சரடு.

முகத்தைத்தான் வெட்டியிருந்தேன், தாலிச்சரடு இருந்தது. அது கழுத்தின் நடுவில் விழுந்திருந்தது. ஒரு இழை தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. போனில் இருந்ததிலேயே பழசான, மூன்று வருஷத்துக்கு முந்தைய படத்தில் முகவாய் சரட்டை விட்டு ஒரு நூல்தான் விலகியிருந்தது. போன ஆடியில் எடுத்ததில் அரை விரல் இடது பக்கம். தையில் எடுத்ததில் அதற்கும் அப்பால். தேதியெல்லாம் போனிலேயே இருந்தது. நிற்கவில்லை. இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.

"இன்னாயா, இப்படி வேர்த்துகினு கீறே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன். "நீ ஏன்மே அவருகிட்ட உள்ளதைச் சொல்லல?"

"நீ சொல்லிட்ட. நான் மாத்திச் சொன்னா உன்னை இன்னான்னு நெனைப்பாங்க?"

"திரும்ப கோணிக்கிச்சின்னா?"

"அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். வெட்டப்போவது அவள் எலும்பை. அவளோ என் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை. ஸ்கேன் தப்பாகவா இருக்கும், பெரிய டாக்டருக்குத் தெரியாததா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டருக்கு உதவியாக இருந்த சின்ன டாக்டரம்மா தேதி எழுதிய தாளோடு வந்து, கையெழுத்துப் போட என்னிடம் பேனாவை நீட்டிய பிறகுதான் கை வரவில்லை. அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"டோக்கன் இல்லாம உள்ள வரக்கூடாது" என்று நர்ஸ் கத்தினார். உள்ளே வேறு யாரோ வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தார்.

"நான் பொய் சொல்லிட்டேங்க" என்றேன். குரல் எனக்கு அடங்கவில்லை. வெளியே பெஞ்சு முழுக்கக் கேட்டிருக்கும். "நாலு வருஷமாத்தாங்க. இன்னும் கோணிகினுதான் போவுது. போட்டோ கீதுங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை வாங்கினார். பின்னாலேயே வந்த சின்ன டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "தலை எங்கேங்க?" என்றார்.

"நான்தாங்க வெட்டிட்டேன்."

டாக்டர் படங்களை முன்னும் பின்னும் தள்ளி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லவேளை, தாடையையாவது விட்டு வெச்சீங்க" என்றார். துணியால் கட்டியதையும் சொன்னேன். அதனால் எலும்பு கோணவில்லை, வலிதான் மிச்சம் என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மாவை உள்ள அனுப்புங்க" என்றார். "நீங்க வெளிய இருங்க."

கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரொம்ப நேரம் உள்ளே இருந்தாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததும், "இன்னா கேட்டாங்க?" என்றேன்.

"கேட்டாங்க. சொன்னேன். வா, பஸ்ஸுக்கு நேரமாவுது, ஜல்தி நட."

காதுக்கு முன்னால் கீறி, அந்த உருண்டையின் மேல்பக்கத்தைச் சீவி எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததில், வளர்ச்சி நிற்கவில்லை என்று தெரிந்ததாம். அங்கே ஓடும் நரம்பு அசந்துபோனதில், கொஞ்ச மாசம் வலது புருவம் தூக்க வராமல் இருந்தது. "அது லீவுல கீது" என்பாள். நான்தான் தினமும் பத்துத் தடவை, தூக்கு பார்ப்போம், தூக்கு பார்ப்போம் என்று அவளைப் பேஜார் பண்ணினேன். பிறகு தானாக வந்தது. பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். முகவாய் இப்போது நகரவில்லை. இரண்டு பக்கமும் மெல்லுகிறாள்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வேலூர் போகிறோம். ஃபைலைச் சுமப்பது என் வேலை. அதில் அன்றைய தேதி போட்டு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் சொன்னதை டாக்டர் இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். போனில் படம் பிடித்தால் தமிழில் மாற்றிக் கொடுக்கும் என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் யாரிடமும் காட்டவில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வருவாள். ஃபைல் என் மடியில் இருக்கும். அந்தப் பக்கம் எது என்று பிரிக்காமலே எனக்குத் தெரியும்.