கிழங்குக்கு ஏற்ற குளிர்

கனடாவில், ஸ்காபரோ வீட்டின் பின்வளவில் வீட்டுக்கார அங்கிள் நின்றார். அவர் மனைவி அன்ரி நின்றார். அவர்களுடைய பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே இருந்த அறையில், வாடகைக்கு இருந்த நான் நின்றேன். முதல்நாள் உறைபனியில் கறுத்துப்போன டேலியாச் செடிகளும் நின்றன. வேலியோரச் செவ்வந்தி மட்டும் ஒன்றும் நடவாததுபோலப் பூத்திருந்தது.

காதை மூடிய கம்பளித் தொப்பியோடு அங்கிள் டேலியாக் கிழங்குகளைக் கிண்டி எடுத்தார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமத்திப் பார்த்து, மரத்தூள் போட்ட பெட்டிகளில் வைத்தார்.

“என்ர பிறந்தநாள் இவருக்குத் தெரியாது. உந்தக் கிழங்கு ஒவ்வொண்டும் என்ன நிறத்தில பூக்குமெண்டு தெரியும்,” என்றார் அன்ரி.

பெட்டிகளை நான்தான் தூக்கினேன். எங்கே வைக்க என்று கேட்டபோது அங்கிள் பேஸ்மென்றுக்கு இறங்கி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தைக் காட்டினார். கையோடு ஹீற்றரையும் குறைத்தார்.

“அங்கிள், எனக்குக் குளிருமே?”

“தம்பி, சூடு கூடினா உதுகள் முளைச்சிடும். நீர் ஸ்வெற்றர் போடலாம். கிழங்குக்குப் போடேலுமோ?”

ஸ்வெற்றர் போட்டேன்.

ஜனவரியில் காய்ச்சலில் படுத்தேன். அங்கிள் கொத்தமல்லித் தண்ணியோடு இறங்கி வந்தார். முதலில் கிழங்குகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் நெற்றியைத் தொட்டார்.

“ஐயோ தம்பி, உமக்குச் சரியான சூடு!”

பதறிப்போய்ப் பெட்டிகளைக் கட்டிலைவிட்டுத் தள்ளி வைத்தார்.

அவர் யாருக்காகப் பதறினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. கொத்தமல்லித் தண்ணி நன்றாக இருந்தது. அந்த வருடம் ஒரு கிழங்கும் பழுதாகவில்லை. பூத்த செடிகள் முப்பத்திநாலு.