கொட்டிப் பார்த்த மிளகாய்

தாடேபல்லி ஹைமவதி பேராசிரியர் வேலையை விட்டபோது ஓய்வுக்கு இன்னும் பதினோரு வருஷம் இருந்தது. பகுப்பாய்வு வேதியியலில் அறுபத்தோரு கட்டுரைகள் எழுதியிருந்தார். குண்டூரில் அவற்றை யாரும் படித்ததில்லை. மிளகாய் மொத்தச் சந்தையான யார்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பருத்திக் கிடங்கைப் பிடித்து, கருவிகளை இறக்கி, பரிசோதனைக்கூடத்தைத் திறந்தார்.

முதல் வாடிக்கையாளர் கிரந்தி புன்னய்யா. அப்பா காலத்திலிருந்து மிளகாய் ஏற்றுமதி. அவர் கொடுத்தனுப்பிய மிளகாயில் பூஞ்சை நஞ்சு அறவே இல்லை என்று ஹைமவதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கன்டெய்னர் கப்பலேறியது. ஐரோப்பியத் துறைமுகத்தில் மறுபடி சோதித்தார்கள். அனுமதித்த அளவைப்போல் நாலு மடங்கு. சரக்கு திரும்பி வந்தது.

புன்னய்யா நேரே கிடங்குக்கு வந்தார்.

"என்னம்மா, உங்க மெஷின் தூங்கிடுச்சா? யார்டுல என்ன சொல்றாங்க தெரியுமா? மேடம் குடுத்த காகிதம் பஜ்ஜி மடிக்க ஆகும்ங்கறாங்க."

ஹைமவதி மீதி வைத்திருந்த மிளகாயை அவர் எதிரிலேயே திரும்பச் சோதித்தார். இல்லை. இன்னொரு முறை. இல்லை.

"இந்த மச்சு யார் எடுத்தது, புன்னய்யா காரு?"

யார்டில் மாதிரிக்கு மச்சு என்றுதான் பெயர்.

"நானேதான். வேற யாரை நம்பறது? படிச்சவங்க பார்க்கப் போறாங்களேன்னு, சாப்பிடக்கூடப் போகாம உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். கறுத்தது, வெடிச்சது, காம்பு போனது ஒண்ணு இருந்தா சொல்லுங்க."

ஹைமவதி அவர் முகத்தைப் பார்த்தார். ஏமாற்றுகிறவர் முகமில்லை. விருந்தாளிக்கு நல்ல துண்டாகப் பார்த்து இலையில் வைத்தவரின் முகம். ஆயிரம் காயில் ஒன்றில் ஒளிந்திருக்கும் நஞ்சை, மரியாதையாகப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு அனுப்பியிருக்கிறார்.

"உங்க மேல தப்பில்லை. கையில குடுத்ததை நான் வாங்கினதுதான் தப்பு."

அதையே எழுத்திலும் போட்டார். சான்றிதழைத் திரும்பப் பெறுவதாகவும், பிழை தன்னுடையது என்றும் வெளிநாட்டு வியாபாரிக்குக் கடிதம் போனது. ஒரு நகல் யார்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கீழே ஒரு விதி: இனிமேல் யார் கொண்டுவரும் மச்சும் வாங்கப்படாது. எங்கள் ஆட்களே வந்து மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி எடுப்பார்கள்.

"கொட்டினா காய் உடையாதா?" என்றார்கள் யார்டு வியாபாரிகள். "பொண்ணு பார்க்க வந்தவங்க பரணையெல்லாம் ஏறிப் பார்ப்பேன்னா எப்படி?" என்று சிரித்தார்கள்.

நாலு மாதம் ஒருவரும் வரவில்லை. வேலைக்கு வைத்த மூன்று பேர் வேறிடம் தேடிக்கொண்டார்கள். ஹைமவதி தினமும் வந்து, கருவி அடைத்துக்கொள்ளாமலிருக்க வெறும் கரைப்பானை ஓட விட்டார். விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் கூடம் பிழைத்துக்கொள்ளும். தளர்த்தவில்லை.

ஐந்தாம் மாதம் புன்னய்யா வாசலில் நின்றார்.

"அதே வெள்ளைக்காரன் மறுபடி சரக்கு கேக்கறான். ஒரே நிபந்தனை. தன் பிழைன்னு எழுதினாங்களே, அவங்க காகிதம்தான் வேணுமாம். ஊர்ல இத்தனை லேப் இருக்கு, என் நேரம்."

"கொட்டணும்."

"தெரியும். அதைத்தான் பலகையில ஒட்டி ஊரெல்லாம் சொல்லியாச்சே."

குளிர்பதனக் கிடங்கில் முந்நூறு மூட்டை இருந்தது. ஹைமவதி அங்கங்கே கைகாட்டி நாற்பதை இழுக்கச் சொன்னார். மூட்டை தூக்கும் ஹமாலிகளின் மேஸ்திரி மஸ்தான் வலி என்பவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

"கட்டின மூட்டையை அவுக்கச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்ம்மா. கட்டுறதுக்குத்தான் எங்களைக் கூப்பிடுவாங்க."

மிளகாய் கொட்டப்பட்டபோது புன்னய்யா சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கொட்டியதைக் கலந்து குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை எடுத்து, மறுபடி குவித்து, மறுபடி பிரித்தார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு கூடை. ஒரு காயையும் விலக்காமல் அரைத்தார்கள்.

பத்துக்குள் இருக்க வேண்டிய நஞ்சின் அளவு பதினெட்டு என்று வந்தது.

இருந்த ஒரே வாடிக்கையாளர். ஹைமவதி எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். அன்றைக்கே எழுதிக் கையெழுத்திட்டார். தேறவில்லை.

புன்னய்யா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"இதுல ஒரு நல்ல வார்த்தைகூட இல்லையேம்மா?"

"நிறம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கேனே. மூணாவது வரி."

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர், பத்து நாள் எட்டிப்பார்க்கவில்லை. பதினோராம் நாள் மஸ்தான் வலி வந்தார்.

"வேற சரக்கு வந்திருக்கும்மா. எங்க முதலாளி இந்தத் தடவை தானே கொட்டி வெச்சிட்டு உக்காந்திருக்காரு. கிட்ட யாரையும் விடமாட்டேங்கறாரு."

"பொறுக்கினாரா?"

"கையைப் பின்னால கட்டிக்கிட்டிருக்காரு."

அது தேறியது. அங்கே துறைமுகத்திலும் தேறியது. அடுத்த அறுவடைக்குள் யார்டில் ஒரு கேள்வி வழக்கத்துக்கு வந்துவிட்டது. விலை கேட்பதற்கு முன் "கொட்டினதா?" என்று கேட்டார்கள். ஹைமவதியிடம் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். மாதிரி எடுக்கிற பிரிவுக்கு மஸ்தான் வலி தலைவர்.

ஒரு காலை யார்டு வழியாகப் போனபோது புன்னய்யாவின் குரல் கேட்டு ஹைமவதி நின்றார். எதிரே பம்பாய் வியாபாரி ஒருவர், மேடத்திடம் உங்கள் சரக்கு எப்போதிலிருந்து போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எப்போதிலேர்ந்தா?" புன்னய்யா மார்பைத் தட்டிக்கொண்டார். "அந்தம்மா கொட்டிப் பார்த்து முதல்ல பெயில் போட்டதே என் மிளகாயைத்தான்யா!"