அக்காவுக்கு ஓபரா காட்டினேன்

முப்பது வருடமாக நான் அக்காவிடம் நோர்வேயைத் திட்டித்தான் கதைத்திருக்கிறேன். முதன்முதலில் நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, விரல்கள் விறைத்து, பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு இருந்த அந்த நாட்களில், ஜேர்மனிக்குப் போன் எடுத்து அழுதது அவளிடம்தான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்தேன். அம்மருட் அடுக்குமாடியில் வீடு எடுத்து, சின்னப்பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலையும் கிடைத்து, எல்லாம் ஒழுங்கான பிறகும் திட்டுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. பழகிவிட்டது. குளிர், இருட்டு, உப்புச்சப்பில்லாத சாப்பாடு, லிப்டுக்குள் நின்றால்கூட வாய் திறக்காத அயலட்டம். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓம், பாவம் நீ" என்பாள். போனை வைத்ததும் எனக்கு மனம் லேசாகிவிடும்.

போன வருடம் அவளுடைய கணவரான அத்தானின் ஆண்டுத்திவசம் முடிந்த கையோடு அவளே போன் எடுத்தாள். அவள் இருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறாராம், கோடை முடிவதற்குள் விட்டு எழும்ப வேண்டுமாம். மகன் தன் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை தருகிறேன் என்கிறானாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"உன்னோடை வந்து இருக்கட்டே? ஜேர்மன் பாஸ்போட் எண்டபடியால் கரைச்சல் இல்லையாம்."

என் கணவர் போய்ச்சேர்ந்து பல வருடமாகிவிட்டது. மகளோ, நான் தப்பினேன் பிழைத்தேன் என்று ஓடிவந்த அதே ஹம்மர்பெஸ்டுக்கு விரும்பிப் போய் வேலை செய்கிறாள். அவளுடைய சின்ன அறை பூட்டியே கிடந்தது. காலையில் குடித்த தேத்தண்ணிக் கோப்பை, மாலையில் வந்து பார்த்தாலும் வைத்த இடத்திலேயே இருக்கும் வீடு அது. அக்கா வந்து இருப்பாள் என்றதும் எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. அதை அப்படியே சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லது. நான் சொன்னது வேறு.

"வாவன். முதல் யூன் மாசத்திலை வந்து ஊரைப் பார். பிடிச்சால் இரு."

"சரி, வந்து பாக்கிறன்" என்றாள்.

போனை வைத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. முப்பது வருடமாக நான் சொன்ன நோர்வே அவள் மனதில் எப்படி இருக்கும்? மீன் நாற்றமும் இருட்டும்தானே. அதை எப்படியாவது அழித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வேலையிடத்தில் ஒரு நோர்வேஜியப் பெண் ஒவ்வொரு கோடைக்கும் ஓபரா சுற்றுலா போய்வந்து மதிய இடைவேளை முழுக்க அதையே கதைப்பாள். ஒஸ்லோவில் ஓர் ஓபரா, கப்பலில் கோப்பன்ஹேகன், அங்கே இன்னொன்று, பிறகு ஸ்டொக்ஹோமில் ஒரு பழைய அரண்மனை அரங்கில் மற்றொன்று. இடையிடையே கோட்டை, தேவாலயம், அரசர் வீட்டுப் படிக்கட்டு. இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு பேருக்கும் பதிந்துவிட்டேன்.

இத்தனைக்கும் நான் ஓபரா பார்த்ததே இல்லை. ஒஸ்லோ ஓபரா மாளிகையின், சரிந்து தரையைத் தொடும் கூரையில் ஏறாத தமிழர் இல்லை. இலண்டனிலிருந்து ஆர் வந்தாலும், கனடாவிலிருந்து ஆர் வந்தாலும் அந்த வெள்ளைச் சரிவில் ஏற்றிக் கடலைக் காட்டிப் படமெடுப்போம். கூரையில் ஏற ரிக்கெற் எடுக்கத் தேவையில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அக்கா விமான நிலையத்தில் இறங்கி, "ஓபராவோ? உனக்கு அதெல்லாம் விளங்குமோ?" என்று கேட்டபோது, "என்னக்கா, இஞ்சை எங்களுக்கு இது வழமைதானே" என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை.

அவளிடம் ஒரு சின்னப் பையும், தூக்க முடியாத ஒரு பெரிய சூட்கேசும் இருந்தன. "ஜேர்மனியை அடியோடை கிளப்பிக்கொண்டு வந்தனியே?" என்று நான் பகிடி பண்ணினேன். அவள் சிரித்தாள். பெரிய சூட்கேசைச் சின்ன அறையில் உருட்டி வைத்தோம். "நாளைக்குச் சுற்றுலா வெளிக்கிட வேணும், அதைத் திறக்காதை" என்றேன். அன்றைக்கே சிற்பப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்குக் கால் உளைந்தது. "ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டுப் போவமே" என்றாள். "தேத்தண்ணி எங்கையும் குடிக்கலாம்" என்று அவளைக் கிளப்பினேன்.

மறுநாள் மாலை ஓபரா. நான் காஞ்சிபுரம் கட்டினேன், அவளையும் கட்டச் சொன்னேன். சுற்றுலாக் கூட்டத்தில் எல்லோரும் ஓய்வுபெற்ற நோர்வேஜியர். நான் அவர்களோடு நோர்வேஜிய மொழியில் சத்தமாகச் சிரித்துச் சிரித்துக் கதைத்தேன். வேலையிடத்தில்கூட நான் அப்படிக் கதைக்கிறவள் இல்லை. அக்காவோடு கதைக்க ஒரு வயோதிபர் மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்த ஜேர்மன் சொற்களைத் தேடித் தேடி எடுத்தார். அவள் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டு இருந்தாள்.

விளக்கு அணைந்தது. முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரையில் பாட்டின் பொருள் எழுத்தாக ஓடியது. மேடையில் ஒருத்தி தன்னை விட்டுப் போனவனுக்காகப் பாடிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொட்டாவி வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, இரசிக்கிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது அக்கா என் காதுப்பக்கம் சாய்ந்தாள்.

"எடியே, அந்தச் சின்ன அறைக்குப் பின்னேரம் வெயில் வருமோ?"

முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்கு மானம் போனதுபோல இருந்தது.

"உஸ்... இஞ்சை கதைக்கக் கூடாது அக்கா."

அவள் நிமிர்ந்து இருந்துகொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் பூசை பார்ப்பதுபோல முடியும்வரை அசையாமல் பார்த்தாள். வெளியே வந்ததும் நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கலாம். வரும் அக்கா, நல்ல வெயில் வரும், கட்டிலை யன்னலோரம் போட்டால் ஏழு மணிவரை வெளிச்சத்தில் இருந்து வாசிக்கலாம் என்று. மறந்துபோனேன். எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று ஓபராவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். "வடிவாய் இருந்தது" என்றாள்.

கப்பலிலும் அப்படித்தான். அறைக்குள் இரண்டு கட்டில், எதிரெதிரே. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு இருந்தாள். "இப்பதான் வீடு மாதிரி இருக்கு. இரு, கொஞ்சம் கதைப்பம்" என்றாள். மேல்தளத்தில் வழிகாட்டி தீவுகளைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நான் அவளை எழுப்பிக்கொண்டு போனேன். தீவுகள் எங்கே ஓடிப்போகப் போகின்றன? ஒஸ்லோவில் இருக்கிற எனக்கு அவை எந்த நாளும் இருக்கின்றன. கோப்பன்ஹேகனில் மழை. குடை பிடித்துக்கொண்டு வழிகாட்டிக்குப் பின்னால் நடந்தோம். அரசர்களின் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. இரவு ஓபராவில் அக்கா கண்ணை மூடிவிட்டாள். முழங்கையால் இடித்தேன். அதற்குப் பிறகு அவள் காதுப்பக்கம் சாயவே இல்லை.

ஸ்டொக்ஹோமில் ஒரேயொரு நல்ல நேரம் வாய்த்தது. அந்த அரண்மனை அரங்கில் மேடையில் கடல் வர வேண்டும். மரத்தில் அலைபோலச் செதுக்கிய நீள உருளைகளை உள்ளேயிருந்து யாரோ சுற்றினார்கள், கடல் வந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்து என் கையைப் பிடித்தாள். இந்த முறை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவர்களும் சிரித்தார்கள். இனி இவள் என்னோடுதான் இருப்பாள் என்று நான் அந்த இடத்தில் நிச்சயம் பண்ணிக்கொண்டேன். முடிந்து வெளியே வந்தால் இன்னும் சூரியன் மறையவில்லை. தோட்டத்தில் எங்கள் கூட்டத்தோடு நின்று நான் கதைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் நின்று போனில் கதைத்தாள். பேரப்பிள்ளைகளை விசாரிக்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய மறுநாளே அவளுக்கு விமானம்; அந்த ரிக்கெற்றை ஸ்டொக்ஹோமில் வைத்துத்தான் எடுத்தாள், வீட்டை ஒதுக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில்தான், இந்தப் பதினாலு நாளில் முதல்முறையாக, நாங்கள் இரண்டு பேரும் பார்க்க ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

"அப்ப எப்ப வாறாய்?" என்று கேட்டேன்.

"நான் வரேல்லையடி. தம்பியிட்டைச் சொல்லிப்போட்டன், மேல் அறைக்கு வாறன் எண்டு."

தம்பி என்று அவள் சொன்னது மகனை.

"ஏன், ஊர் பிடிக்கேல்லையே?"

"ஊருக்கென்ன? வடிவான ஊர். நீ நல்லாய் இருக்கிறாய். எத்தினை சிநேகிதர், எத்தினை இடம், ஓபரா. நான்தான் உன்னைத் தனிய இருக்கிறாய் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். நான் வந்து குந்திக்கொண்டு இருந்தால் உனக்கு இடைஞ்சல். எனக்கு இந்த ஓட்டம் ஏலாது."

ரயில் லில்லெஸ்ட்ரோமில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் அவசர அவசரமாகச் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் எனக்கு முன்பின் தெரியாது என்றேன். ஓபரா நானும் முதல்தரம்தான் பார்த்தேன், எனக்கும் நித்திரை வந்தது என்றேன். வேலையால் வந்தால் ரீவியைப் போட்டுவிட்டுச் சோபாவிலேயே படுத்துவிடுகிற ஆள் நான் என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்புமில்லை.

"இதை முதல் நாள் சொல்லியிருக்கலாமேயடி, விசரி. அவன் அறைக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கீட்டான். பேத்தி மஞ்சள்தான் வேணுமெண்டு நிண்டதாம். நான் இப்ப என்னெண்டு அதுகளுக்கு மாறிச் சொல்லுறது?"

ரயில் நின்றது, நான் பெரிய சூட்கேசை இறக்கினேன்.

விமான நிலையத்தில் பெரிய சூட்கேஸ் நிறை கூடிவிட்டது. வரும்போது அத்தானுடைய பழைய நண்பர் ஒருவரும் அதே விமானத்தில் வந்ததால் அவருடைய கணக்கில் சேர்த்துவிட்டாளாம். இப்போது ஆளில்லை. ஏதாவது வெளியே எடுங்கள் என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. தரையில் படுக்கவைத்துத் திறந்தோம். இரண்டு கிழமை என் வீட்டில் இருந்தும் அது திறக்கப்படவேயில்லை. மேலே அவள் சமைக்கிற அலுமினியச் சட்டி, துணியில் சுற்றிய அகப்பை, அத்தானுடைய படம். அடியில் ஒரு கனத்த குளிர்கோட்டு, முழங்கால்வரை நீளம், உள்ளே பஞ்சு வைத்தது.

"யூன் மாசத்திலை என்னத்துக்கக்கா இது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடிக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"நோர்வேக் குளிர் எலும்புக்குள்ளை போகும் எண்டு நீதானே முப்பது வருசமாய்ச் சொன்னனீ" என்றாள்.

அவள் பார்க்க வரவில்லை. இருக்கத்தான் வந்திருக்கிறாள். ஊரைப் பார்த்துப் பிடித்தால் இரு என்று நான் சொன்னதை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. நான்தான் இரண்டு கிழமையாக அவளை மூன்று நாடு சுற்றி இழுத்து, இந்த வீட்டில் உனக்கு இடமில்லை என்று காட்டியிருக்கிறேன். அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அழுதேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அழாதை. எல்லாரும் பாக்கினம்" என்றாள். ஓபராவில் நான் அவளுக்குச் சொன்ன மாதிரியில்லை, மெதுவாகச் சொன்னாள். நிறையைக் குறைப்பதற்காகக் கோட்டை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். புதுக் கோட்டு. கைப்பக்கம் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. அதைப் பிய்க்க நான் கை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுச் சீட்டைக் கவனமாகக் கோட்டுக் கைக்குள்ளே செருகினாள்.

"பிய்க்காதை. கடையிலை திருப்பிக் குடுக்கலாம்."

வெளியே நல்ல வெயில். எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு நின்ற பாதுகாப்புச் சோதனை வரிசையில், முழங்கால்வரை கோட்டுப் போட்டுக்கொண்டு என் அக்கா போய் நின்றாள்.