அண்ணி ஒட்டிய ஸ்டிக்கர்

எனக்கும் என் அண்ணி கனகத்துக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, நாத்தனார் என்றால் இப்படித்தான் பேசுவாள் என்று யாரும் என்மேல் பாயக்கூடாது. பிள்ளைப்பாக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் முன்வீடு அவளுக்கு, பின்வீடு எனக்கு. அவள் துணி துவைத்த தண்ணீர் என் வாசல் வழியாகத்தான் ஓடும். பாதிச் சண்டை அதிலேயே வந்துவிடும்.

கனகம் பிறந்ததும் இதே ஊர்தான். அவள் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரகடம் பக்கம் செல்போன் பாகங்களைப் பூட்டும் கம்பெனியில் சேர்ந்தாள். ஸ்க்ரூ போட ஆரம்பித்தவள் இன்று அந்த லைனுக்கே லீடர். உழைப்பாளி, அதை மறுக்கமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து யூனிபாரத்தைக் கழற்றினாலும் லீடரைக் கழற்றமாட்டாள். வேன் ஓட்டும் என் அண்ணன் திருமலை அவளெதிரில் வாயே திறப்பதில்லை.

அவர்களுக்கு ஒரே பெண், ரஞ்சனி. ஒன்பதாவது படிக்கிறாள். அவள் போன் கேட்ட அன்றே கனகம் சட்டம் போட்டுவிட்டாள்.

"பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் போன் கெடயாது. நாள் பூரா அதத்தான் பூட்டிக்கினு கீறேன். அது இன்னான்னு எனக்குத் தெரியும்."

பள்ளிக்கூடமோ வீட்டுப்பாடத்தை வாட்ஸப்பில்தான் அனுப்புகிறது. அதற்காக ரஞ்சனியிடம் அவள் அப்பாவின் போனைக் கனகம் கொஞ்ச நேரம் தருவாள். அதிலும் ஒரு கூத்து உண்டு. உள்ளே யாரும் படம் எடுக்கக்கூடாது என்று கம்பெனி கேட்டில் போனின் இரண்டு கேமராமேலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் விடுவார்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வெளியே வரும்போது விசாரணை. கனகம் ஷிப்ட் முடிந்து வந்ததும் தன் போனிலிருந்து அந்த ஸ்டிக்கர்களைப் பக்குவமாக உரித்து, அண்ணன் போனின் முன்கேமராவிலும் பின்கேமராவிலும் ஒட்டிவிட்டுத்தான் பெண்ணிடம் கொடுப்பாள். திருப்பி வாங்கும்போது ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். பெற்ற பெண்ணுக்கு இப்படி ஒரு சோதனை!

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா அண்ணி, பொண்ணு கம்பெனிக்கா வந்துக்கீது? வூட்லயுமா செக்கிங்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உனக்குன்னு ஒண்ணு இருந்தா தெரியும், எழிலு" என்றாள்.

எங்கே வலிக்கும் என்று தெரிந்தே சொன்னாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவி.

போன வாரம் ரஞ்சனி திடீரென்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். காரணம் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. கனகத்துக்கு ஒரே சந்தேகம்தான்: பெண்ணிடம் திருட்டுத்தனமாக ஒரு போன் இருக்கிறது. புத்தகப்பையைக் கொட்டினாள், பாயை உதறினாள், அரிசி டப்பாவுக்குள்கூடக் கையை விட்டாள். எதுவும் கிடைக்கவில்லை. நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"நீதான போன் வாங்கிக் குடுத்த? என் பொண்ணக் கெடுத்துட்டு ஒண்ணும் தெரியாதவ மாரி நிக்கறியா?"

நானும் சும்மா இருக்கவில்லை. தெருவே எட்டிப் பார்த்தது. அப்போது ரஞ்சனி அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"அத்தைய ஏம்மா திட்ற? எங்கிட்ட போன் இல்ல. எங்கிளாஸ் பசங்ககிட்டதான் கீது. நான் உள்ள போனாலே அந்தப் பாட்ட வெக்கறானுங்க. 'சீர்வரிசை எங்க'ன்னு கேக்கறானுங்க."

"எந்தப் பாட்டு?"

"நீ போட்ட பாட்டு!"

போன தையில் ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்தில் ரஞ்சனிக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோம். மாமன் சீர் தட்டுகள், மாலை, பட்டுப்புடவை, தலை நிமிராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண். அத்தனையையும் கனகம் தன் போனில் பிடித்து, பாட்டுச் சேர்த்து, 'என் தங்கம் பெரிய மனுஷி ஆயிட்டா' என்று எழுதி, ஊரே பார்க்கும்படி இணையத்தில் தன் பக்கத்தில் போட்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் பார்த்து வாழ்த்தினார்களாம். பார்க்காதவள் ரஞ்சனி ஒருத்திதான். அவளிடம்தான் போன் இல்லையே!

"சந்தோஷத்துல போட்டேன்டி. எல்லாரும்தான் போடறாங்க" என்றாள் கனகம். குரல் இறங்கிவிட்டது.

"என்னக் கேட்டியா?"

கனகம் போனை எடுத்து அந்தப் பதிவை அழித்தாள். "இந்தா, எடுத்துட்டேன்."

"அவனுங்க போன்லேர்ந்து எடுப்பியா?"

இத்தனை வருடத்தில் என் அண்ணி வாயடைத்து நின்று நான் பார்த்ததில்லை. ஆசைப்பட்ட காட்சிதான். ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு அது இனிக்கவில்லை.

ரஞ்சனி உள்ளே போய் அப்பாவின் போனைக் கொண்டுவந்தாள். அதிலிருந்த ஸ்டிக்கர்களை அம்மா உரிப்பதுபோலவே பக்குவமாக உரித்தாள். அம்மாவின் போனுக்காகக் கையை நீட்டினாள். கனகம் தன் போனைக் கொடுத்தாள். ரஞ்சனி அதன் முன்கேமராவில் ஒன்று, பின்கேமராவில் ஒன்று ஒட்டினாள்.

"பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் எனக்கு போன் வாணாம். அதுவரைக்கும் உன் போன்ல நானும் இருக்கமாட்டேன். இதுக்கு சரின்னா நாளைக்கி ஸ்கூலுக்குப் போறேன்."

கனகம் தலையை ஆட்டினாள். ரஞ்சனி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.