பன்னிரண்டு குழிப் பலகை

அக்டோபர் 15: 91 லட்சம்
ஜனவரி 14: 6 லட்சம்
ஏப்ரல் 15: 5 லட்சம்

கீரைக்காரம்மாவின் நிலத்தில், ஒரு கிராம் மண்ணுக்கு எங்கள் ஆய்வகம் எண்ணிய நுண்ணுயிர்கள் இவை. பதிவேட்டில் எழுதியவன் நான். அரசு நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்பவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தொடர்ந்து இரண்டு முறை எண்ணிக்கை பத்து லட்சத்துக்குக் கீழே போனால் மண் செத்துவிட்டதாகப் பொருள். குத்தகை ரத்தாகும். அந்த அம்மாள் ஜூன் 30-க்குள் காலி செய்ய வேண்டும் என்றும், நிலம் சரக்குக் கிடங்குக்குப் போகும் என்றும் உத்தரவு வந்தது.

அதை மே 2 அன்று நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர் எங்கள் வேன் ஓட்டுநர். பன்னிரண்டு நிலங்களுக்குப் போய் மண் அள்ளி வருவதும் அவர்தான். கண்ணாடி பாட்டில்கள் குலுங்கக் கூடாது என்று அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். அதனால் அவருக்கு ஆமை என்று பெயர். "ஆமைன்னா என்ன, ஓடு உடையாம வந்து சேருதுல்ல?" என்பார். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கையில் உடைந்தது ஒரே ஒரு பாட்டில், நவம்பர் 20 அன்று. அந்த வருத்தத்தில் தம் கைப்படப் பன்னிரண்டு குழிகள் கொண்ட பலகை ஒன்றைச் செய்து, குழிகளுக்குள் கம்பளி ஒட்டி, வேனின் பின்தளத்தில் திருகி வைத்தார். எங்கள் ஆய்வக அதிகாரியே பாராட்டினார்.

கீரைக்காரம்மா உத்தரவைப் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ கொண்டுபோனது என் மண்ணுதானா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க கண்ணு முன்னாடிதானே அள்ளினேன்."

அந்த அம்மாள் பாத்தி ஓரத்தைத் தோண்டினார். மூன்று வாரத்துக்கு முன் புதைத்த இலைக்குப்பையில் நரம்பு மட்டும்தான் மிச்சம். "செத்த மண்ணு இதைத் தின்னுருக்குமா? நீயே சொல்லு."

ஓட்டுநர் வேனைத் திருப்பினார். நேராக என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, அந்தம்மா கணக்கைக் காட்டுங்க."

காட்டினேன். விரல் விட்டு மாதங்களை எண்ணினார்.

"பலகை போட்டது எப்ப?"

"டிசம்பர் 9."

அவர் முகம் செத்துப்போனது. வெளியே போய் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். திரும்பி வரும்போது சட்டை முழுக்கக் கரி. "முதல் குழிக்கு நேர் கீழ சைலன்சர் போகுது அண்ணே. அங்க தகரத்துல கை வைக்க முடியல." அவர் வழியில் முதல் நிலம் கீரைக்காரம்மாவுடையது. முதல் பாட்டில் முதல் குழிக்குப் போகும். காலை ஏழு முதல் மாலை நான்கு வரை அது அடுப்பில் வைத்தது போலத்தான் வந்திருக்கிறது. வந்து சேரும் நேரத்தையும் எண்ணிக்கையையும் அருகருகே எழுதிய எனக்கு அது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

மே 6 அன்று எங்கள் ஆய்வகத் தோட்டத்தின் ஒரே பாத்தியிலிருந்து பதின்மூன்று பாட்டில் மண் எடுத்தார். ஒன்று குளிர்பெட்டிக்கு, மற்றவை பலகைக்கு. வழக்கமான வழி முழுவதும் ஓட்டிவிட்டு, தட்டுகளில் உயிர்களை வளர்த்து எண்ணும் பெண்ணிடம் கொடுத்தார்.

"ஒரே மண்ணைப் பதிமூணு தடவை எண்ணணுமா? எனக்கென்ன பதிமூணு கண்ணா இருக்கு, ஆமை அண்ணே?"

"ரெண்டு கண்ணு போதும் தங்கச்சி. கொஞ்சம் பெருசா முழிச்சுப் பாரு."

மே 11 அன்று எண்ணி முடித்தார். குளிர்பெட்டி 84 லட்சம். பன்னிரண்டாம் குழி 82. இரண்டாம் குழி 31. முதல் குழி 6.

அந்தப் பெண் தட்டைத் தூக்கிக் காட்டினார். "இதுங்கதான் இலையை மக்க வச்சு வேருக்குச் சாப்பாடா கொடுக்குது. மண்ணைப் பொலபொலன்னு கட்டி வைக்கிறதும் இதுங்கதான், தண்ணி உள்ள இறங்கறது அதனாலதான். ஒரு கரண்டி மண்ணுல ஒரு தேசத்தோட ஜனத்தொகை இருக்கு அண்ணே."

"அந்த ஜனத்தைத்தான் நான் வேக வச்சுக் கொண்டாந்திருக்கேன்" என்றார் அவர்.

அதிகாரிக்கு வேறு கவலை. "பலகையைக் கழட்டி முன்சீட்டுல வச்சுக்கய்யா. பழசைக் கிளறினா மத்த நிலத்துக்காரங்களும் வாசல்ல வந்து நிப்பாங்க."

"அந்தம்மா நிலம், சார்?"

"அது முடிஞ்சு போன விஷயம்."

"முடியல சார். ஜூன் முப்பதாம் தேதி வரைக்கும் இருக்கு."

அன்றே ஓட்டுநர் நிலத்துறைக்கு அரைப் பக்கம் எழுதினார். பலகையைச் செய்ததும் வைத்ததும் தாம்தான், தவறு மண்ணுடையது அல்ல என்பதே சாரம். தேதிகளைச் சரிபார்க்கச் சொன்னார். ஏப்ரல் 16 என்றிருந்ததை 15 என்று திருத்தினேன். மற்றபடி ஒரு சொல்லிலும் கை வைக்கவில்லை. பதிவேட்டுப் பக்கங்களை நான் படியெடுத்துக் கொடுத்தேன். எண்ணும் பெண் பதின்மூன்று எண்களின் கீழும் கையெழுத்திட்டார். ஓட்டுநர் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஜூன் 3 அன்று வேன் சாவியை வாங்கிக்கொண்டு அவரைப் பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். சாவி திரும்பக் கிடைக்கவேயில்லை. ஓய்வு பெறும் வரை பதினொரு ஆண்டுகள் அந்த அறையிலேயே இருந்தார். நான் வருத்தப்பட்டபோது, "கழுவுறதுலயும் நான் ஆமைதான் அண்ணே, யாரும் அவசரப்படுத்துறதில்ல" என்றார்.

ஜூன் 12 அன்று நிலத்துறை ஆள் ஒருவர் பனிக்கட்டிப் பெட்டியோடு வந்து கீரைக்காரம்மாவின் மண்ணை எடுத்துப்போனார். பிறகு ஒரு தகவலும் இல்லை. ஜூன் 24 அன்று நிலத்தின் ஓரத்தில் லாரிகள் ஜல்லி கொட்டின. ஓட்டுநர் போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"காலி பண்ணுற நிலத்துக்கு எதுக்கும்மா தண்ணி?"

"கிடங்கு வரும்போது வரட்டும். இன்னைக்குத் தாகத்துக்கு இன்னைக்குத்தான்பா தண்ணி விடணும்."

ஓட்டுநரும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டார்.

மறு சோதனையில் 89 லட்சம் வந்ததாகவும், முந்தைய இரு எண்ணிக்கைகளும் நீக்கப்பட்டதாகவும், குத்தகை தொடர்வதாகவும் நிலத்துறை எழுதியது. அந்த அம்மாளுக்கு ஒரு படி, ஓட்டுநருக்கு ஒரு படி. கழுவும் அறையில் ஈரக் கையோடு நின்றவருக்கு நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

கடிதம் வந்த தேதி ஜூன் 28.