பின்வாசல் பூட்டு

காகிதம் பறக்காமலிருக்க என் மேசையில் ஒரு பூட்டு வைத்திருக்கிறேன். புகையில் கறுத்து, வளையம் வெட்டுப்பட்ட பழைய பூட்டு. தீயணைப்பு நிலையத்துக்கு வருகிறவர்கள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத எதுக்கு சார் வச்சிருக்கீக?" என்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன்.

நான் சாதாரணத் தீயணைப்பு வீரனாக இருந்தபோது எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். நிலையமே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கிணற்றில் விழுந்த மாட்டையும், ஆற்றுவெள்ளத்தில் சிக்கிய ஆளையும் ஒரேமாதிரி திட்டிக்கொண்டே தூக்குவார். நெருப்பு என்றால் மட்டும் நிதானம் வந்துவிடும். இடத்துக்காரரிடம், "வெளிய வார வழி எங்கன?" என்று கேட்பார். பதில் வராமல் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்.

சேரன்மகாதேவிப் பக்கம் பஞ்சு மூட்டைகள் அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கி நல்ல மத்தியானத்தில் பற்றிக்கொண்டது. உள்ளே ஒரு சுமைகாரர் மாட்டியிருந்தார். அன்றும் அண்ணாச்சி கேட்டார். "பின்வாசல் தொறந்துதான் கெடக்கு, தைரியமாப் போங்க" என்றார் முதலாளி. அண்ணாச்சி சுமைகாரரை இழுத்துவந்து முன்வாசலில் எங்கள் கையில் தள்ளியதுதான் தாமதம், கூரை சரிந்து அவர் வழியை அடைத்துவிட்டது. பின்வாசலுக்குத்தான் வருவார் என்று நான் சுற்றி ஓடினேன். அங்கே இந்தப் பூட்டு தொங்கியது. வேலையாட்கள் பஞ்சைத் திருடுவார்கள் என்று முதலாளி வெளியே பூட்டி வைத்திருக்கிறார். உள்ளிருந்து அண்ணாச்சி தட்டினார். வண்டிக்கு ஓடி, பூட்டை வெட்டும் கத்தரியோடு திரும்புவதற்குள் தட்டல் நின்றுவிட்டது. கதவைத் திறந்தபோது அவர் அதன்மேலேயே சாய்ந்து கிடந்தார்.

விசாரணையில் முதலாளி அழுதார். "போகாதீங்கன்னு சொன்னேன், அவருதான் கேக்கல" என்றார். நான் பூட்டை நீட்டினேன். எந்தக் கதவின் பூட்டோ என்று ஒதுக்கிவிட்டார்கள். அவசரப்பட்டு நுழைந்தார் என்று அறிக்கை முடிந்தது. பூட்டைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அண்ணாச்சியா அவசரப்பட்டவர்?

போன மாதம் அந்த முதலாளி என் எதிரே வந்து உட்கார்ந்தார். இப்போது நான் நிலைய அலுவலர், அவர் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். பாதுகாப்புச் சான்று வேண்டுமாம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மறுநாள் மண்டபத்தைப் பார்க்கப் போனேன். பின்வாசலைப் பற்றிக் கேட்டேன்.

"தொறந்துதான் கெடக்கு சார்."

அதே வார்த்தை.

"அப்ப உள்ள இருந்து அது வழியா வாங்க. நான் பின்னால நிக்கேன்."

கதவில் புத்தம்புதுப் பூட்டு தொங்கியது. அவர் உள்ளிருந்து தள்ளினார், பிறகு தட்டினார், "சார், சார்" என்றார். இந்த முறை கத்தரி என் கையிலேயே இருந்தது. நான் அசையவில்லை. முன்வாசல் திறந்திருக்கிறது, அவர் சாகப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தத் தட்டல் எனக்கு இனித்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை.

வியர்த்து விறுவிறுத்துச் சுற்றி வந்தவரிடம் ஆய்வுக் குறிப்பை நீட்டினேன். 'பின்வாசல் வெளியே பூட்டியிருந்தது.' அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

"கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கியவர் அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "நீங்க... அன்னைக்குக் கிட்டங்கியில..." என்றார்.

"ஆமா. போடுங்க."

போட்டார். சான்று கொடுக்கவில்லை. அண்ணாச்சி செத்ததைப் பற்றிய அறிக்கையில் யாரும் எழுதாத அந்த வரி, அந்த ஆளின் கையெழுத்தோடு, இப்போது இந்தப் பூட்டுக்கு அடியில் இருக்கிறது.