எறும்பின் மேல் விழுந்த கோடு

துணிக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பேண்ட் நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும் அவள் வேலை. ஊர்ச் சுவர்களில் அவளுக்கு வேறு பெயர்: எறும்பு.

விடிகாலையில் மனைவி நடைப்பயிற்சிக்குப் போகிறாள் என்று கணவன் நம்பிக்கொண்டிருந்தான். இவ்வளவு நடந்தும் இடுப்பு இம்மிகூடக் குறையவில்லையே என்று மாமியார் மட்டும் ஜாடையாகக் கேட்பாள். அவள் போனது பாலத்தடிச் சுவர்களுக்கு. பையில் ஸ்ப்ரே டப்பாக்களும் நாலைந்து மூக்குகளும் இருக்கும். பெயிண்ட் பீய்ச்சும் குமிழுக்கு, சுவரில் எழுதுகிறவர்கள் வைத்த பெயர் மூக்கு.

திருட்டுத்தனமாக எழுதுகிற அந்தக் கூட்டத்தில் சட்டதிட்டத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அடுத்தவர் பெயர்மேல் எழுதினால், எழுதியவர் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு விழும். அதுதான் 'வெட்டு'. செத்தவர் பெயர்மேல் எழுதினால் பகை சுவரோடு நிற்காது, வீடு தேடி வரும்.

தண்டவாளத்தை ஒட்டிய சுவருக்கு நகராட்சி புதிதாக வெள்ளையடித்திருந்தது. பார்த்ததும் அவளுக்குக் கை அரித்தது, எழுதிவிட்டாள். வீட்டுக்கு வந்து பல் தேய்க்கும்போதுதான் சுரீரென்று உறைத்தது. அது காத்தாடி என்ற பெயரில் எழுதிவந்தவனின் சுவர். போன வருஷம் மேலே இருக்கும் பாலத்தில் எழுதும்போது விழுந்து செத்தவன். ஆயிரம் தடவை வெள்ளையடித்தாலும் அது அவன் இடம்தான் என்பது நேற்று டப்பா தூக்கியவனுக்குக்கூடத் தெரியும்.

மறுநாளே எறும்பின் மேல் சிவப்பாக ஒரு வெட்டு விழுந்தது. அடுத்து, கடையின் பின்பக்க ஷட்டரில் எப்போதோ அவள் கிறுக்கிவைத்த பெயர்மேல் ஒன்று. வேலை செய்யும் இடம்வரை வந்துவிட்டார்கள். அன்றைக்குத் தைத்த பேண்டில் ஒரு காலை மட்டும் குறைத்துவிட்டாள்.

"நான் நொண்டின்னு யாருக்கா உங்ககிட்ட சொன்னா?" என்றான் வாடிக்கையாளன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவள் வீட்டுச் சந்தின் முனையில், கரண்ட் கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு. கணவனிடம் எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது? தெருவில் யாராவது செருமினால்கூட ஜன்னலைச் சாத்தினாள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்ததும் மகள் சொன்னாள், "அம்மா, யாரோ வந்தாங்க. நான்தான் கதவைத் திறந்தேன். என்னையே பாத்துட்டு, ஒண்ணும் பேசாம போயிட்டாங்க."

"பாட்டி எங்கடி போனாங்க?"

"தூங்கிட்டிருந்தாங்க. வந்தவங்க கையெல்லாம் சிவப்பா இருந்துச்சும்மா."

அன்று இரவு அவள் கண்ணை மூடவில்லை. விடிந்ததும் வெள்ளை பெயிண்ட் டின்னும் ரோலருமாகச் சுவருக்கு ஓடினாள். தன் பெயரைத் தானே அழித்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. கடைசி எழுத்தை அழிக்கும்போது பின்னால் ஜல்லி நறநறத்தது. திரும்பினாள். கையில் சிவப்பு டப்பாவோடு, இஸ்திரி போட்ட சட்டையில், வயதான ஒரு மனிதர்.

"பொண்ணை ஒண்ணும் பண்ணிடாதீங்க," என்றாள்.

"சேச்சே. வாசல்ல கோடு போடத்தான் வந்தேன். குழந்தை கதவைத் திறந்ததும் கை வரலம்மா. நான் காத்தாடியோட அப்பா."

தினமும் காலையில் அந்தச் சுவர்ப் பக்கம் வந்து நிற்பாராம். அவள் எழுதும்போது பார்த்துவிட்டு, கடைக்கும் வீட்டுக்கும் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"கோடு போடணும்னு அவன் சிநேகிதப் பசங்க சொன்னாங்க. எனக்குப் போடத் தெரிஞ்சதும் அது ஒண்ணுதான். அவன் பேரை அவன் எழுதுற மாதிரி எழுத வரல. வீட்ல எத்தனையோ பேப்பர்ல எழுதிப் பாத்துட்டேன்." டப்பாவை நீட்டினார். "நீ எழுதிக் குடு."

"அடுத்தவங்க பேரை எழுதக் கூடாதுப்பா. தப்பு."

"கேக்க அவன் இல்லையேம்மா."

அவள் டப்பாவை வாங்கிக் குலுக்கி எழுத ஆரம்பித்தாள். அங்கங்கே பெயிண்ட் வழிந்தது. அவன் எழுத்தில் காத்தாடியின் வால் கடைசியில் ஒரு சுழி சுழித்து மேலே போகும். அதையும் விடாமல் எழுதி முடித்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டப்பாவை வாங்கி, குனிந்து, மகன் பெயருக்கு அடியில் தனக்குத் தெரிந்த அந்த ஒரு கோட்டைப் போட்டார்.